அரசன் இரண்டு தரம் வந்த கூத்து

மகளுக்கு அரச வேஷம் என்று அண்ணாவியார் வீடு தேடி வந்து சொன்னபோது நான் கேட்ட முதற் கேள்வி, "எத்தினை பாட்டு?" என்பதுதான். வேறு தகப்பன்மார் கிரீடத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்.

கூத்தைப் பழக்கி மேடையேற்றுகிறவரை எங்கள் பக்கத்தில் அண்ணாவியார் என்போம். இவர் என்னோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். பகலில் எழுவைதீவுக்குப் படகு ஓட்டுகிறார். பின்னேரம் கரம்பொன்னில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்து, கையில் சல்லாரித் தாளத்தை எடுத்தாரென்றால் படகில் போடுகிற சத்தத்தைவிட இரண்டு மடங்கு போடுவார்.

"நாலு பாட்டு, வாத்தியார்," என்றார். "வரவு, வழக்கு, கோவம், அழுகை. அரசனுக்கு இவ்வளவும் இல்லாட்டி அவன் அரசனில்லை."

"எதுக்குக் கூட மூச்சு வேணும்?"

"என்ன?"

"எந்தப் பாட்டுக்குக் கூட மூச்சு வேணும் எண்டு கேக்கிறன்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றாள். "அவர் இப்ப அப்பிடித்தான் அண்ணை. நான் கிணத்தடிக்குப் போயிட்டு வந்தாலும் மூச்சு வாங்குதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. போன மாரியில் மகளுக்குக் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் இறங்கி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு, இயந்திரம்தான் அவளுக்காக மூச்சு விட்டது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சுவாசத்தொகுதியைக் கரும்பலகையில் வருடாவருடம் கீறுகிறவன். அந்தக் கட்டிலடியில் நின்றபோது எனக்கு அந்தப் படம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவளுடைய நெஞ்சு எழும்பி விழுவதைப் பார்த்து நானும் அதே கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். நான் நிற்பாட்டினால் அதுவும் நிற்பாட்டிவிடும் என்பது போல.

அவள் தப்பினாள். சாப்பிட்டாள், சிரித்தாள், பள்ளிக்கூடம் போனாள். குரல் மட்டும் பழையபடி வரவில்லை. எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு கரகரப்பு. பேசும்போது தெரியாது. உயர்த்தினால் தெரியும், சில நேரம் நடுவில் உடையும். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான்தான் இன்னமும் கட்டிலடியை விட்டு வரவில்லை.

அதனால் அண்ணாவியார் போன கையோடு அவளை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்ட டொக்டர், "பாடலாம். கத்தத்தான் கூடாது," என்றார்.

"நான் கொடுங்கோல் அரசன், டொக்டர்," என்றாள் மகள்.

"அப்ப மந்திரியைக் கத்த விடும்."

இருவரும் சிரித்தார்கள். 'கத்தக் கூடாது' என்ற பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. திரும்பி வரும்போது, பண்ணைப் பாலத்தில், கடற்காற்று இரண்டு பக்கமும் அடிக்கிற இடத்தில், பின்னுக்கிருந்து ஒரு முனகல் கேட்டது. மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிற்பாட்டித் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன பிள்ளை செய்யுது? இருமலோ?"

ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினாள். "வரவுப் பாட்டு அப்பா." அரசன் மேடைக்கு வரும்போது பாடுகிற பாட்டு அது.

கடலுக்குள் வலை கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என்ன விளங்கியதோ, கையைக் காட்டினார். மகளும் கையைக் காட்டினாள். நான் ஹோர்ன் அடித்தேன், ஏனென்று தெரியாது.

பழக்கம் தொடங்கியது. நானும் பிற்பாட்டில் சேர்ந்தேன். கூத்தில் நடிகர் ஒரு வரி பாடுவார். மேடையோரம் நிற்கிற பிற்பாட்டுக்காரர் அந்த வரியை அவர் பாடியபடியே வாங்கித் திருப்பிப் பாடுவோம். அந்த நேரத்தில் நடிகருக்கு ஆடவும் ஓய்வெடுக்கவும் இடம் கிடைக்கும். கலையில் எனக்கு ஆர்வம் பிறந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்க இடம் கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

அந்த நாட்களில் கனடாவிலிருந்து என் தம்பி தொலைபேசி எடுத்தான். அங்கே ஊரவர்கள் கூடுகிற நாளில் எங்கள் கூத்தைத் திரையில் போட்டுக் காட்டப் போகிறார்களாம். "முழுக்க அனுப்பாதை அண்ணை. இஞ்சை சனம் இருக்காது. முக்கியமான பாட்டுகளை மட்டும் எடுத்து அனுப்பு."

அதைப் போய் மண்டபத்தில் சொன்னது என் பிழை. எது முக்கியமான பாட்டு என்று அன்றைக்குத் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை.

"சிறைச்சாலைப் புலம்பல்தான்," என்றார் ஆர்மோனியம் வாசிக்கிற பேக்கரி முதலாளி. "அந்தப் பாட்டுக்குத்தான் பொம்பிளையள் முந்தானையை எடுக்கிறவை. கண்ணீர் வராட்டி அது பாட்டோ?"

"உங்கடை ஆர்மோனியத்தைக் கேட்டாலே வரும்," என்றான் கட்டியகாரன். அரசன் வருமுன் வந்து கட்டியம் கூறும் வேஷம் அது. அதைக் கட்டுகிறவன் தபாற்கந்தோரில் வேலை செய்கிறான். வேஷத்துக்கு ஏற்ற வாய். "வாள்ச்சண்டைப் பாட்டுத்தான் முக்கியம். சின்னப்பிள்ளையள் அதுக்குத்தான் நித்திரை கொள்ளாமல் இருக்குதுகள்."

என் மனைவி உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். "மங்களம்," என்றாள் தலை நிமிராமல். "அது பாடினாத்தான் எல்லாரும் வீட்டை போகலாம்."

அண்ணாவியார் சல்லாரியை ஒரு தட்டுத் தட்டினார். "விசர்க் கதை கதையாதையுங்கோ. வரவுதான். அழுகையிலை குரல் தழுதழுத்தா நல்லா அழுகிறான் எண்டு சனம் சொல்லும். சண்டையிலை தாளம் பிசகினா வாள் சத்தத்திலை கேக்காது. வரவு பிழைச்சா அரசனே இல்லை. ஆரோ ஒரு பிள்ளை கடதாசிக் கிரீடத்தோடை நிக்குது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அது என்ன பாடினாலும் சனம் நம்பாது."

நான் மகளைப் பார்த்தேன். அவள் கச்சான் கடலைக் கோது உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வரவுப் பாட்டு இப்படிப் போகும்:

பகைவர் நடுங்கிடப் பாரும் ஒடுங்கிட
அலைகடல் யாவும் அடிபணிந் தேத்திட
அரசனும் கொலுவில் வந்தேனே

முதல் வரியில் ஆபத்தில்லை. இரண்டாம் வரி 'அலைகடல்' என்ற இடத்தில் சட்டென்று மேலே ஏறும். ஏறின குரலை இறக்காமல், இடையில் விடாமல், 'ஏத்திட' வரைக்கும் ஒரே மூச்சில் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊரில் அந்த வரியை எல்லோரும் அப்படித்தான் பாடி வந்திருக்கிறார்கள். அரச வேஷம் கட்டினவர்களை அந்த ஒரு வரியை வைத்துத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. இன்னாருக்கு அலைகடல் போதாது, இன்னார் அலைகடலில் பக்கத்து ஊரான நாரந்தனைக்குக் கேட்கப் பாடினவர் என்று.

மேடையேற முன்பு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேஷம் கட்டாமல், எல்லோரும் வெள்ளை வேட்டி சால்வையோடு நின்று முழுக் கூத்தையும் ஊர் பார்க்க ஒருதரம் ஆடிக்காட்டுவார்கள். வெள்ளுடுப்பு என்று சொல்வது. அன்றைக்கு மகள் என்னுடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முதல் வரி கம்பீரமாகப் போனது. 'அலைகடல் யாவும் அடி' வரை வந்தாள். அந்த 'அடி'யில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு காற்றுத்தான் வந்தது. அவள் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த வரியைப் பாடிக்கொண்டு போனாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மண்டபத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்கள் ஊர் இப்படி வாயை மூடுகிற ஊர் அல்ல. முடிந்தபின் பேக்கரி முதலாளி அவளுக்குப் பணிஸ் கொடுத்தார். ஒரு அக்கா வந்து கற்கண்டும் மிளகும் கொடுத்தார். கட்டியகாரன்கூடப் பகிடி விடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "பிள்ளை, அழுகைப் பாட்டை மட்டும் பாடினால் காணாதோ? வரவை வேற ஆரும் உள்ளுக்கிருந்து பாடலாம்," என்று மெல்லத் தொடங்கினேன்.

"அப்பா, ஆஸ்பத்திரியிலை எனக்கு மெசின் மூச்சு விட்டது. சரி, அப்ப எனக்கு ஏலாது. இப்ப என்ரை பாட்டையும் வேற ஆள் பாடினா நான் என்னத்துக்கு வேஷம் கட்டுறது?"

நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நான் பிற்பாட்டில் நிற்கிறேன்தானே. அவள் 'அலை' என்று தொடங்கினவுடன், நான் ஒரு சிறு கணம் முந்தி அதே வரியைப் பிடித்துவிட்டால், என் குரலுக்குப் பின்னால் அவள் குரல் ஒளிந்துகொள்ளலாம். உடைந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. இதை மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை.

கோயில் பெருநாள் அன்று பின்னேரப் பூசை முடிந்து, வெயில் தணிந்த கையோடு கூத்து. முந்தி விடிய விடிய ஆடுவார்கள். இப்போது சுருக்கிவிட்டோம், சாப்பாட்டு நேரத்துக்குள் மங்களம். எழுவைதீவிலிருந்து படகில் ஆட்கள் வந்திருந்தார்கள். கோயில் பாதிரியார், எங்கள் சுவாமி, முன்வரிசைக் கதிரையில் இருந்தார். தம்பிக்காக மருமகன்முறைப் பொடியன் ஒருவன் கைபேசியைத் தடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கட்டியகாரன் வந்து ஆடிப் பாடி, அரசன் வருகிறார், எல்லோரும் நிமிர்ந்து இருங்கள் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினான். இரண்டு பேர் வெள்ளைத் துணியை மேடைக்குக் குறுக்கே பிடித்தார்கள். அரசன் அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுதான் வரவைத் தொடங்க வேண்டும். முடியும் தறுவாயில் துணி விழும். அப்போதுதான் சனம் அரசனைக் காணும். துணிக்குக் கீழே அவளுடைய சப்பாத்து நுனி தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பகைவர் நடுங்கிடப் பாரும் ஒடுங்கிட..."

நாங்கள் வாங்கிப் பாடினோம். மத்தளம் இறுகியது. திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "அலை" என்று அவள் வாயைத் திறந்தாள்.

நான் பிடித்தேன். பிடித்தது நான் மட்டும் அல்ல.

என் பக்கத்தில் நின்ற அத்தனை பிற்பாட்டுக்காரரும் அதே கணத்தில், அதே வரியை, தொண்டை கிழியப் பிடித்தார்கள். பேக்கரி முதலாளி ஆர்மோனியத்தை முழுக்கத் திறந்துவிட்டுத் தானும் பாடினார். பாயில் இருந்த பெண்கள் பாடினார்கள். எழுவைதீவு ஆட்கள் பாடினார்கள். பூசையில்கூட அந்த உயரத்துக்குப் போகாத சுவாமி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். என்னோடு கலியாணம் முடித்த நாளிலிருந்து வாயைத் திறந்து ஒரு வரி பாடியிராத என் மனைவியின் குரல், மேடையின் பக்கத்திலிருந்து, தனியாக எனக்குக் கேட்டது. எல்லோரும் வெள்ளுடுப்புக்கு வந்திருந்தவர்கள். எல்லோரும் தனித்தனியாக, ஒருவருக்கும் சொல்லாமல், என்னைப் போலவே யோசித்திருக்கிறார்கள்.

தொடங்கியபின் நிற்பாட்ட முடியுமா? ஆர் முதலில் நிற்பாட்டுவது? அலைகடல் பணிந்தது, ஏத்தியது, "அரசனும் கொலுவில் வந்தேனே" என்று ஊரே வந்து முடித்தது. பாட்டு முடிந்ததென்று நம்பித் துணிக்காரர் துணியை விட்டார்கள்.

அங்கே என் மகள் நின்றாள். தலையில் கிரீடம், கையில் வாள், உதட்டுக்கு மேல் கரி மீசை. வாய் இறுக மூடியிருந்தது.

மத்தளம் நின்றுவிட்டது. நான் அண்ணாவியாரைப் பார்த்தேன். அவர் சல்லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் பாடினவர்தான்.

மகள் மெதுவாக நடந்து போய்ச் சிம்மாசனத்தில், அது சுவாமியின் அறைக் கதிரை, கால்மேல் கால் போட்டு இருந்தாள்.

"கட்டியகாரா."

கட்டியகாரன் பதறி ஓடி வந்தான். "சொல்லுங்கோ மகாராசா."

"என்ரை வரவை ஆர் பாடினது?"

இது ஏட்டில் இல்லாத வசனம். அவன் சுற்றிவரப் பார்த்தான். "சபை பாடினது, மகாராசா."

"சபையிலை ஆர்?"

"ஆரெண்டு சொல்ல, மகாராசா. சுவாமியார் பாடினவர். பேக்கரி பாடினது. எழுவைதீவு பாடினது." கொஞ்சம் நிறுத்தினான். "எல்லாரிலும் பெரிசா உங்கடை அப்பா பாடினவர்."

சனம் சிரித்த சிரிப்பில் மேடையோரத்து வெளிச்சம் ஆடியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என் மகள் என்னைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள், மீசையும் இருந்தது. ஆனால் கண்ணோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"அவையள் எல்லாரும் அரசனெண்டால் ஆர் வரி கட்டுறது?" என்றாள். "சபைக்குச் சொல்லு. நான் இன்னும் வரேல்லை. இப்பத்தான் வரப்போறன். நான் பாடி முடிக்கமுன்னம் ஆரும் வாய் திறந்தால் சிறைச்சாலை. அப்பா எண்டாலும் சிறைச்சாலைதான்."

எழுந்து திரும்பிப் போனாள். "திரையைப் பிடியுங்கோ."

வந்த அரசன் திரும்பிப் போய் இன்னொரு தரம் வந்த கூத்தை எங்கள் ஊர் கண்டதில்லை. துணிக்காரர் அண்ணாவியாரைப் பார்த்தார்கள். ஒழுங்கு தவறினால் ஒருவரையும் விடாத மனிதர். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சல்லாரியைத் தட்டினார்.

முதல் வரி வந்தது. வாங்கிப் பாடினோம், கவனமாக, சிறு குரலில். திரைக்குப் பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம். நான் என் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், பக்கத்தில் நின்றவரும் பொத்திக்கொண்டுதான் நின்றார்.

"அலைகடல் யாவும்"

கரகரத்த குரல்தான். கப்பிக் குரல்தான். ஆனால் ஏறியது. ஏறி நின்றது. அந்த இடத்தில் அவள் விட்டாள். பாடுவதை விட்டு, அவசரமில்லாமல், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக ஒரு முழு மூச்சு இழுத்தாள். ஒருவரும் மூச்சு எடுக்காத இடம் அது. மத்தளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் விரலைத் தூக்கிக்கொண்டு இருந்தார். பெருநாள் கடையடியில் பலூன் விற்கிறவரின் ஊதல்கூட அந்த நேரம் கேட்கவில்லை.

"அடிபணிந் தேத்திட."

உடையவில்லை. கடலைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பணியச் சொன்ன மாதிரி இருந்தது. கொடுங்கோல் அரசன் அப்படித்தான் செய்வான்.

இனி எங்கள் முறை. பிற்பாட்டுக்காரருக்கு ஒரே ஒரு சட்டம்தான். நடிகர் எப்படிப் பாடினாரோ அப்படியே திருப்பிப் பாட வேண்டும், திருத்தக் கூடாது. அண்ணாவியார் எங்களை நோக்கிக் கையை உயர்த்தினார். "அலைகடல் யாவும்" என்று பாடினோம். நிற்பாட்டினோம். எல்லோரும் சேர்ந்து மூச்சு இழுத்தோம். ஆர்மோனியம்கூட இழுத்தது. என் மகள் மூச்சு விட்ட கணக்கில் நான் மறுபடி மூச்சு விட்டேன். இந்தத் தரம் எனக்குப் பயம் வரவில்லை. "அடிபணிந் தேத்திட" என்று பாடும்போது கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது, சுருதியும் கொஞ்சம் போனது.

துணி விழுந்தது. அரசன் வந்தான். சனம் எழும்பி நின்று கை தட்டியது. அதற்குப் பிறகு அவள் மந்திரியை மிரட்டினாள், வழக்காடினாள், கடைசியில் அழுதாள். பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். பேக்கரி முதலாளி என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். மங்களம் பாடினோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

வாசலில் நின்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தோம். "நீங்கள்தான் முதல் பிடிச்சது." "நான் சாடையாத்தான் பிடிச்சனான், நீர்தான் கத்தினது." சுவாமி தனக்கு அந்தப் பாட்டு சின்ன வயதிலிருந்தே விருப்பம் என்று மட்டும் சொன்னார். மனைவியிடம், "நீரும் பாடினீர்," என்றேன். "நான் பாடேல்லை, செபம் சொன்னனான்," என்றாள். அலைகடலில் ஏறின செபத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

தம்பிக்கு முக்கியமான பாட்டென்று வரவை மட்டும் அனுப்பினோம். இரண்டு வரவையும். அடுத்த நாளே எடுத்தான். "அண்ணை, முதலாவதிலை அரசனைக் காணேல்லை, உன்ரை குரல்தான் காதைப் பிளக்குது. ரெண்டாவதிலை நடுவிலை வீடியோ நிண்டு போச்சுதோ?"

"நிக்கேல்லை," என்றேன். "அது பாட்டு."

இப்போது ஊரில் அலைகடலை எல்லோரும் அப்படித்தான் பாடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள், நான் வரும் வழியில், 'யாவும்' என்று நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்தி மூச்சு இழுத்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடுகிறார்கள். அந்த இடத்தில் அப்படி நிற்பதுதான் முந்தியிருந்த முறையாம் என்று பேக்கரி முதலாளி வந்தவர்களுக்குச் சொல்கிறார்.

போன கிழமை எழுவைதீவுப் பெருநாளுக்குக் கூத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே போக வேறு வழியில்லை, படகுதான். நான் காற்றைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், மிதவைச் சட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். அண்ணாவியார் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு, "வாத்தியார், கடலுக்கும் சோதினை வைக்கப் போறீரோ? ஏறும்," என்றார்.

மகள் படகின் முன்பக்க அணியத்தில் போய் இருந்தாள். மீசை இல்லை, சால்வையைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். நடுக்கடல் வந்ததும் வெங்காய மூட்டையோடு இருந்த ஒரு எழுவைதீவு அண்ணை, "அரசன், ஒருக்கா வாருமன்," என்றார்.

அவள் பாடினாள். அலை மோதிப் படகு எழும்பி விழுந்தது, உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. "அலைகடல் யாவும்" என்று ஏறி, அங்கே நின்றாள். இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. வெங்காயக்காரரும் அண்ணாவியாரும் நானும் அவளுடைய மூச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அவள் அவசரப்படவில்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.